ஓடாத எஞ்சினும் ஒட்டாத ஜல்லியும்: மாதிரி ரயில் கேள்வி-பதில்

கே: 200-க்கு 80 செ.மீ. மேசை ஒன்று இருக்கிறது. எச்ஓ வாங்குவதா, ‘என்’ அளவு வாங்குவதா?

நீளமான பயணிகள் வண்டி வளைந்து வளைந்து ஓட வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் ‘என்’. இரண்டும் மாதிரி ரயிலின் அளவுகள்: எச்ஓ நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு (1:87), ‘என்’ 160-இல் ஒரு பங்கு (1:160). நிஜத்தில் 26 மீட்டர் உள்ள பெட்டி எச்ஓவில் 30 செ.மீ. வரும், ‘என்’னில் 16 செ.மீ. சொச்சம். வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருந்தால்தான் ஓட்டம் சீராக இருக்கும், பார்க்கவும் சகிக்கும். அந்தக் கணக்கில் எச்ஓவுக்கு 90 செ.மீ. ஆரம் வேண்டும். உங்கள் மேசையில் 37 செ.மீ.க்கு மேல் கிடைக்காது. ‘என்’னுக்கே கொஞ்சம் இறுக்கம்தான், ஆனாலும் ஓட்டிவிடலாம்.

எச்ஓதான் பிடித்திருக்கிறது என்றால் வட்டத்தை மறந்துவிடுங்கள். நாலைந்து பாயின்ட் (தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம்) போட்டு, வேகன்களைப் பிரித்துக் கோத்து இடம் மாற்றும் ஒரு சின்ன ஷன்டிங் யார்டு கட்டுங்கள். குட்டி எஞ்சின், குட்டி வேகன்கள். என்னைக் கேட்டால் வட்டத்தைவிட அதில்தான் பொழுது நன்றாகப் போகும்.

கே: எஞ்சின் அடிக்கடி நின்றுவிடுகிறது. விரலால் தள்ளினால் ஓடுகிறது. மோட்டார் போய்விட்டதா?

மோட்டாரைக் கழற்றாதீர்கள். எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். எப்போதும் ஒரே பாயின்ட்டின் மேல் என்றால், இரண்டு தண்டவாளமும் வெட்டிக்கொள்ளும் இடம் மின்சாரம் இல்லாத பிளாஸ்டிக்காக இருக்கும். சக்கரங்கள் குறைவான குட்டி எஞ்சினுக்கு அந்த இடைவெளியே போதும், மூச்சு நின்றுவிடும்.

கன்ட்ரோலரிலிருந்து தள்ளிப் போகப் போக வேகம் குறைந்தால், குற்றவாளி தண்டவாள இணைப்புத் தகடுகள். அவை தண்டவாளத்தை நேராகப் பிடித்துக்கொள்ளத்தான். மின்சாரத்துக்கு அவற்றை நம்பக் கூடாது. மேசைக்கு அடியில் தடிமனான இரண்டு ஒயர்களை நீளவாக்கில் ஓடவிட்டு, மீட்டருக்கு ஒரு இடத்தில் தண்டவாளத்துக்கு மெல்லிய ஒயர் எடுத்துச் சால்டர் வையுங்கள்.

கண்ட இடத்தில் நிற்கிறதா? அழுக்கு. ஒரு டிஷ்யூ தாளைத் தண்டவாளத்தின் மேல் விரித்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் சில சொட்டு விடுங்கள். எஞ்சினின் முன் சக்கரங்கள் தாளின் மேல், பின் சக்கரங்கள் தண்டவாளத்தில். கையால் பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுத்தால் முன் சக்கரம் தாளில் சுழலும். பத்து விநாடியில் தாளில் இரண்டு கறுப்புக் கோடுகள் விழும். அதுதான் உங்கள் ‘பழுதான மோட்டார்’. அப்புறம் எஞ்சினைத் திருப்பி வைத்து மற்ற சக்கரங்களுக்கும் இதையே செய்யுங்கள். உப்புத்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம். அது போடும் கீறலில்தான் அடுத்த அழுக்கு குடியேறும்.

கே: ஜல்லி கொட்டிப் பசை விட்டால் எல்லாம் உருண்டு குழியாகிவிடுகிறது.

பசைக்கு முன்னால் ஈரம் வைக்கவில்லை என்று நினைக்கிறேன். காய்ந்த ஜல்லியில் பசைச் சொட்டு உள்ளே இறங்காது. மேலேயே முத்தாக நின்று, சுற்றியுள்ள கற்களை இழுத்துக்கொண்டு உருளும். ஜல்லியைப் பரப்பி, ஸ்லீப்பர் கட்டைகளின் மேல் நிற்கும் கற்களைத் தூரிகையால் ஒதுக்குங்கள். பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து, சற்று மேலிருந்து பனி போல விழும்படி தெளியுங்கள். ஜல்லி நிறம் கறுத்ததும், வெள்ளைப் பசையில் அதே அளவு தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து சொட்டு மருந்துக் குழாயால் விடுங்கள். தானாக உறிஞ்சிக்கொள்ளும். இரவு முழுக்கத் தொடாதீர்கள்.

பாயின்ட்டில் அசையும் பகுதிக்கு அடியில் ஜல்லியே வேண்டாம், அங்கே தரையில் நிறம் பூசினால் போதும். என் முதல் யார்டில் இரண்டு பாயின்ட்டுகளைச் சிலையாக்கியிருக்கிறேன். வெந்நீர் சொட்டி, பசை இளகி, பல்குச்சியால் ஒவ்வொரு கல்லாக நோண்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

இன்னொன்று: கல்லின் பருமன். நிஜத்தில் 5 செ.மீ. இருக்கும் ஜல்லி எச்ஓவில் 0.6 மி.மீ.தான். அதைவிடப் பெரிதாகப் போட்டால் பாறாங்கல் நடுவே ரயில் ஓடுகிற மாதிரி இருக்கும்.

கே: புல் வைத்தால் கம்பளம் விரித்ததுபோல் தெரிகிறது.

ஒரே நீளம், ஒரே பச்சை. 2 மி.மீ. இழை எச்ஓவில் 17 செ.மீ. புல்; 4 மி.மீ. இழை முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும். இரண்டையும் கலந்து, வைக்கோல் நிறமும் சேருங்கள். தரைக்கு முதலிலேயே மண் நிறம் பூசி, அங்கங்கே சொட்டையாக விடுங்கள். ஆட்கள் நடக்கும் இடத்தில் புல் முளைக்காதே.

கே: புது எஞ்சின் பொம்மை போலப் பளபளக்கிறது.

மேட் வார்னிஷ் ஒரு பூச்சு. பாதிப் பளபளப்பு அதிலேயே போய்விடும். கண்ணாடிகளையும் சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் பரப்பையும் மறைத்துவிட்டு அடியுங்கள். அப்புறம் அடிப்பகுதிக்குப் புழுதிப் பழுப்பு, கூரைக்குக் கரி. பக்கச் சுவரில் கோடுகள் மேலிருந்து கீழாக மட்டும், மழைநீர் வழிந்த தடம்போல. நிஜ எஞ்சினின் படம் ஒன்றை எதிரே வைத்துக்கொள்ளுங்கள். நினைவிலிருந்து அடித்தால் துரு கூடிப்போகும்.

கே: டிசிசி (ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனி டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) அவசியமா?

ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சின்களைத் தனித்தனி வேகத்தில் ஓட்ட வேண்டுமென்றால் வசதி. ஒரே வண்டி என்றால் அவசியமில்லை. வாங்கினால், எஞ்சினுக்குள் இருந்து அந்தக் கட்டளையைப் பெறும் டீகோடர் புதிதில் பொதுவாக 3 என்ற முகவரி எண்ணில்தான் வரும். மாற்றாமல் விட்டால் இரண்டு எஞ்சினும் சேர்ந்தே கிளம்பும்.

கே: காலி வேகன் மட்டும் தடம் புரள்கிறது.

எடை போதவில்லை. எச்ஓவுக்கு அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ சொல்லும் கணக்கு: 1 அவுன்ஸ், அதோடு நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 6 அங்குல வேகன் 4 அவுன்ஸ், அதாவது 113 கிராம் இருக்க வேண்டும். எடையைத் தரைக்கு நெருக்கமாக ஒட்டுங்கள். அதன் பிறகும் புரண்டால் சக்கர இடைவெளியை அளந்து பாருங்கள்.