பள்ளியில் வம்பு, ஹாஸ்டலில் ராகிங்: வேலூர் வாசகர்களுக்கு மனநல ஆலோசகர் பதில்

ஏழாவது படிக்கும் என் மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஆனாலே வயிற்று வலி. டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். நடிக்கிறானா? (ஒரு தாய், சத்துவாச்சாரி)

நடிப்பு என்று தள்ளிவிடாதீர்கள் அம்மா. பயத்திலும் வயிறு நிஜமாகவே வலிக்கும். சனிக்கிழமை இல்லாத வலி ஞாயிறு ராத்திரி வந்தால், பள்ளிக்கூடத்துப் பக்கமும் பார்க்க வேண்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுகிறானா? தண்ணீர் பாட்டில் போனபடியே நிறைந்து திரும்புகிறதா? வாத்தியார் கண் படாத இடங்கள் கழிப்பறையும் வேனின் கடைசி சீட்டும்தான். அங்கே மாட்டிக்கொள்கிற பிள்ளை, நம்ம ஊர் சித்திரை வெயிலிலும் தண்ணீர் குடிக்காமல் சமாளிக்கும். பேனா, ஜாமெட்ரி பாக்ஸ் அடிக்கடி 'தொலைந்துபோவதையும்' கவனியுங்கள்.

"யாருடா அடிச்சது?" என்று போலீஸ் விசாரணை வேண்டாம். "இன்டர்வல்ல யார்கூட இருப்பே? வேன்ல எந்த சீட்டு?" என்று கேளுங்கள். சொல்ல ஆரம்பித்தால், "நீ ஏன் சும்மா இருந்தே?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அதோடு வாயை மூடிக்கொள்வான். தேதி, இடம், கூட இருந்தவர்கள் யார் என்று ஒரு நோட்டில் குறித்து, தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். இருவரையும் நிற்கவைத்துக் கைகுலுக்கச் சொல்லி முடித்துவிடுகிற பள்ளிகள் உண்டு. அந்தச் சமாதானம் வேன் ஏறும் வரைதான். இன்டர்வலில் யார் அந்தப் பக்கம் நிற்பார், வேனில் சீட்டை எப்போது மாற்றுவார்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

பள்ளி அசையவில்லையென்றால் குழந்தைகள் உதவி எண் 1098, அல்லது கல்வித்துறையின் உதவி எண் 14417. தூக்கமில்லை, சாவைப் பற்றிப் பேசுகிறான் என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்: அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம், எந்த நேரமும் மனநல உதவி எண் 14416.

பசங்கன்னா கலாய்க்கத்தானே செய்வாங்க? நாங்களும் பட்டுத்தான் வந்தோம். 'திருப்பி அடி'ன்னு சொன்னது தப்பா? (ஒரு தந்தை, குடியாத்தம்)

இன்று நான் உன்னை, நாளை நீ என்னை என்று முறை மாறினால் அது சிநேகிதம். தினமும் ஒரே பிள்ளையின் தலையில் விழுகிறது, வேண்டாம் என்ற பிறகும் நிற்கவில்லை, பலம் ஒரு பக்கமே இருக்கிறது என்றால் விளையாட்டு இல்லை. பலம் உடம்பில் மட்டுமா? கும்பல், காசு, சாதி எல்லாம் பலம்தான். வீட்டில் உருதோ தெலுங்கோ பேசுகிற பிள்ளையின் தமிழை வகுப்பே சொல்லிக்காட்டிச் சிரிப்பது நம் பக்கத்தில் புதிதல்ல. வாத்தியாரும் சேர்ந்து சிரித்துவிட்டால் அந்தப் பிள்ளை யாரிடம் போகும்?

'திருப்பி அடி' என்பதில் எனக்கு உடன்பாடில்லை. எதிரே ஐந்து பேர் என்றால் அடிதான் கூடும், டிசியும் உங்கள் பிள்ளைக்குத்தான் வரும். அடிக்க முடியாமல் திரும்புகிறவன், அப்பாவிடமும் தோற்றுப்போனதாக நினைத்து, அடுத்த முறை சொல்லவே மாட்டான்.

ஹாஸ்டலில் சீனியர்கள் ராத்திரி முழுக்க ரெக்கார்டு எழுதவைக்கிறார்கள், சட்டையைக் கழற்றி நிற்கவைக்கிறார்கள். புகார் கொடுத்தால் மோசமாகுமா? (முதலாண்டு மாணவர், ஊர் வேண்டாம் என்கிறார்)

தம்பி, இது ராகிங், குற்றம். 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997இல் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்தது: 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். ராகிங் புகாருக்கான 1800-180-5522 இலவசம், வீட்டாரும் அழைக்கலாம். வார்டனிடம் தனியாகப் போகாமல் அதே கஷ்டத்தில் இருக்கிற இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள்.

ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் தினமும் அசிங்கமாகப் பேசுகிறார். (ஆம்பூர்)

பாலியல் ரீதியான பேச்சு என்றால், வேலை செய்யும் இடத்தில் பெண்களைப் பாதுகாக்க 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு கட்டாயம். 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் பெண்கள் உதவி எண் 181.

என் மகன்தான் மற்ற பிள்ளைகளைச் சீண்டுகிறான் என்று பள்ளியில் கூப்பிட்டுச் சொன்னார்கள். (ஒரு தாய், ராணிப்பேட்டை)

இதை எழுதவே தைரியம் வேண்டும். பெல்ட்டைத் தூக்காதீர்கள், அடித்தால், பலம் உள்ளவன் அடிக்கலாம் என்பதைத்தான் இன்னொரு முறை கற்றுக்கொள்வான். வீட்டிலோ தெருவிலோ அவனை யார் அப்படி நடத்துகிறார்கள் என்று பாருங்கள். பறித்த பொருளை அவன் கையாலேயே திருப்பித் தரவையுங்கள். அடுத்த புகார் வரும்வரை காத்திராமல், வாரம் ஒருமுறை வகுப்பாசிரியரிடம் நீங்களே விசாரியுங்கள்.