கியர்பாக்ஸ் கோளாறு: இன்சூரன்ஸ் மறுத்தால் யாரைக் கேட்பது?

கேள்வி: பழுதே வராது, பெயர் பெற்ற கம்பெனி என்று பலரும் சொன்னதால் மூன்று வருடங்களுக்கு முன் புது ஆட்டோமேட்டிக் கார் வாங்கினேன். அடுத்த வருடமே கியர்பாக்ஸில் தொந்தரவு. வாரண்டி காலத்துக்குள் இரண்டு முறை பார்த்துக் கொடுத்தார்கள். போன மாதம் வண்டி நடுரோட்டில் நின்றுவிட, பின்னால் வந்த கார் இடித்துவிட்டது. இன்சூரன்ஸில் பம்பருக்கும் டிக்கி கதவுக்கும் பணம் தந்தார்கள், கியர்பாக்ஸுக்கு மறுத்துவிட்டார்கள். வாரண்டி முடிந்துவிட்டது என்கிறது சர்வீஸ் சென்டர். இப்போது புதுப்பிக்கப் போனால் பிரீமியமும் ஏறியிருக்கிறது. ஏறக்குறைய இதே விலையில் வேறு கம்பெனி கார் வைத்திருக்கும் நண்பர் குறைவாகத்தான் கட்டுகிறார். இது சட்டப்படி சரியா? வண்டியை மாற்றித் தரும்படி வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் அதில் பாதி தவறான ஆள் மேல் போகிறது. கியர்பாக்ஸுக்குப் பணம் தர மறுத்த விஷயத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி பெரும்பாலும் சட்டத்துக்கு உட்பட்டுத்தான் நடந்திருக்கிறது. நீங்கள் கேட்க வேண்டியது வண்டியைத் தயாரித்தவரையும் விற்றவரையும்.

கார் பாலிசியின் ஓன் டேமேஜ் (சொந்த வண்டிக்கு வரும் சேதம்) பகுதி விபத்து, தீ, திருட்டு, வெள்ளம் போன்றவற்றால் வரும் சேதத்துக்கானது. தேய்மானம், இயந்திரக் கோளாறு, மின் கோளாறு ஆகியவற்றுக்குப் பொறுப்பில்லை என்று அதே பாலிசியில் எழுதியிருப்பார்கள். கூடுதல் பணம் கட்டி வாங்கும் 'என்ஜின் புரொடெக்ட்' கூட, தண்ணீர் புகுவது, அடிபட்டு ஆயில் ஒழுகுவது போன்றவற்றுக்குத்தான் உதவும். தயாரிப்பிலேயே இருக்கும் குறையை அது ஏற்காது. உங்கள் வண்டி இடிபட்டதால் நிற்கவில்லை, நின்றதால்தான் இடிபட்டது. இந்த வரிசைதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. மோதலின் வேகத்தில் கியர்பாக்ஸ் புதிதாகவும் சேதமடைந்திருந்தால் அந்தப் பகுதிக்கு நீங்கள் கிளெய்ம் கேட்கலாம். அதற்கு, சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயரின் அறிக்கை நகலை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். சர்வேயர் சொல்வதே இறுதி அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் சொல்லியிருக்கிறது, எனவே வேறொரு தகுதியான மெக்கானிக்கின் அறிக்கையை வைத்து அதை மறுக்க முடியும். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதிலில் திருப்தி இல்லாவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. அறிக்கையில் மோதல் சேதம் பற்றி ஒரு வரியும் இல்லை என்றால் இந்தப் பக்கம் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

அடுத்து, பிரீமியம். நோட்டீஸில் இருக்கும் மொத்தத் தொகையைப் பார்க்காமல் அதைப் பிரித்துப் பாருங்கள். 2018 செப்டம்பர் முதல், புதுக் கார் வாங்கும்போதே மூன்று வருடத்துக்கான மூன்றாம் நபர் காப்பீட்டை (உங்கள் வண்டியால் மற்றவருக்கு வரும் இழப்புக்கானது) வாங்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு அந்த மூன்று வருடம் இப்போது முடிகிறது. இடையில் புதுப்பித்தபோது வராத அந்தத் தொகை இப்போது மறுபடி சேர்ந்திருக்கும். அதை அரசுதான் நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். எந்தக் கம்பெனியின் கார் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அப்புறம் நோ கிளெய்ம் போனஸ். மூன்று வருடம் கிளெய்ம் இல்லாமல் இருந்திருந்தால் ஓன் டேமேஜ் பகுதியில் 35 சதவீதம் தள்ளுபடி கிடைத்திருக்கும். பம்பருக்கு வாங்கிய கிளெய்மால் அது பூஜ்யமாகிவிட்டது. தவறு யாருடையது என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. இடித்த வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டில் கேட்கும் வழியும் இருந்தது. ஒரே சேதத்துக்கு இரண்டு பக்கமும் பணம் வாங்க முடியாது என்பதால், ரிப்பேர் செலவை இழக்கப்போகும் போனஸோடு ஒப்பிட்ட பிறகே கிளெய்ம் போட வேண்டும்.

நண்பர் குறைவாகக் கட்டுவது பாரபட்சம் இல்லை. ஓன் டேமேஜ் கட்டணத்தை நிர்ணயிக்கும் சுதந்திரம் 2007 ஜனவரி முதல் கம்பெனிகளிடமே இருக்கிறது. வண்டியின் மதிப்பு, வயது, பதிவான மண்டலம் ஆகியவற்றோடு, அந்த மாடலின் உதிரிபாக விலையையும் அதில் வந்த கிளெய்ம்களையும் பார்க்கிறார்கள். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கியர்பாக்ஸ் அடிக்கடி கெடுகிறதா என்பது இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை, ஏனென்றால் அதற்கு அவர்கள் பணம் தரப்போவதில்லை. பிரீமியம் குறைவாக இருக்கும் கார் நம்பகமான கார் என்று எண்ணி யாரும் வண்டி வாங்கிவிட வேண்டாம்.

சரி, வழக்குக்கு வருவோம். 'நல்ல பெயர் உள்ள கம்பெனி, எனக்கு மட்டும் இப்படி' என்பதோ, 'இந்த மாடலில் எல்லோருக்கும் இதே புகார்' என்பதோ தனியாக நின்று வழக்கை ஜெயிக்க வைக்காது. நுகர்வோர் ஆணையம் உங்கள் வண்டியின் ஜாப் கார்டை, அதாவது புகாரையும் செய்த வேலையையும் சர்வீஸ் சென்டர் எழுதும் சீட்டைத்தான் பார்க்கும். முதல் முறை விட்டபோது என்ன புகார் எழுதினார்கள், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது, என்ன பாகத்தை மாற்றினார்கள், இரண்டாவது முறையும் அதே புகாரா? இவையெல்லாம் தேதியோடு இருந்தால் 'வாரண்டி முடிந்துவிட்டது' என்ற பதில் பலவீனமாகிவிடும். குறை வாரண்டிக்குள் தொடங்கியது, அதைச் சரியாகத் தீர்க்கவே இல்லை என்பதுதான் உங்கள் வாதம். 'ஜெனரல் செக்கப்' என்று மட்டும் எழுதி வைத்திருந்தால் அப்போதைய மெசேஜ், மெயில், பில் எல்லாவற்றையும் தேடி எடுங்கள்.

புது வண்டி கேட்கலாம், ஆனால் அதை மட்டுமே கேட்காதீர்கள். மாருதி கார் தொடர்பான 2006 தீர்ப்பில், பாகத்தை மாற்றினால் போதும் என்ற நிலையில் முழு வண்டியை மாற்றித் தரச் சொல்வது சரியல்ல என்றது உச்ச நீதிமன்றம். மறுபக்கம், விபத்தில் ஏர்பேக் விரியாத ஹூண்டாய் கார் வழக்கில் 2022-இல் வண்டியை மாற்றித் தரும் உத்தரவையே உறுதி செய்தது. உங்கள் மனுவில் படிப்படியாகக் கேளுங்கள்: வண்டியை மாற்றித் தர வேண்டும், இல்லையேல் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், அதுவும் இல்லையேல் புது கியர்பாக்ஸை நீட்டித்த வாரண்டியோடு இலவசமாகப் பொருத்த வேண்டும், கூடவே இழப்பீடு.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். வண்டிக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம்தான். கட்டணமும் சொற்பம், 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான வண்டிக்கு 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். காலக்கெடு இரண்டு வருடம். தயாரிப்பாளர், டீலர் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்து, ஒவ்வொருவர் செய்த தவறையும் தனித்தனியாக எழுதுங்கள். டீலரின் தவறுக்குத் தயாரிப்பாளர் தானாகப் பொறுப்பாகிவிட மாட்டார் என்று 2021-இல் ஒரு தீர்ப்பு இருக்கிறது. தயாரிப்புக் குறையை நிரூபிக்கும் சுமை பெரும்பாலும் உங்கள் மேல்தான் விழும் என்பதால், நிபுணர் பரிசோதனைக்கு உத்தரவிடும்படி ஆரம்பத்திலேயே தனி மனு போடுங்கள்.

அதுவரை வண்டியை விற்காதீர்கள், வெளியில் கொடுத்து கியர்பாக்ஸைப் பிரிக்கவும் வேண்டாம். பிரித்த பிறகு, கெடுத்தது வெளி மெக்கானிக்தான் என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். உங்கள் சேசிஸ் எண்ணை வைத்து, இந்தக் குறைக்காக ரீகால் அறிவிப்பு (வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்யும் அறிவிப்பு) ஏதும் வந்திருக்கிறதா என்று தயாரிப்பாளரின் இணையதளத்தில் பாருங்கள். இருந்தால் வழக்கே தேவைப்படாமல் இலவசமாகச் சரிசெய்து வாங்க வாய்ப்பு உண்டு. இல்லை என்றால், ஜாப் கார்டு நகல்களை இணைத்து, 15 நாள் கெடு கொடுத்து, இருவருக்கும் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள்.