வாசல்ல கோலம் போட முடியலை!

கேள்வி: பக்கத்து வீட்டு நாய் தினமும் எங்க வாசல்லயும் அபார்ட்மென்ட் பார்க்கிங்லயும் அசிங்கம் பண்ணிட்டுப் போகுது, சொன்னா "வாயில்லா ஜீவன்தானே"ங்கிறாங்க. என்ன பண்றது?
- வாசகி, சென்னை

பதில்: உங்க கோபம் நியாயம்தாங்க. தப்பு நாய் மேல இல்ல, கயித்தைப் பிடிச்சிருக்கவங்க மேலதான். நாய் மலத்துல டாக்சோகாராங்கிற உருண்டைப்புழு முட்டை இருக்கலாம், மண்ணுல சில வாரம் கிடந்தப்புறம்தான் அது தொத்துற நிலைக்கு வரும், அப்புறம் வருஷக்கணக்குல கூட அழியாது, குழந்தைங்க மண்ணுல விளையாடிட்டு கையை வாயில வெச்சா கண்ணைக்கூட பாதிக்கலாம். அதனால அன்னன்னிக்கே அள்ளிடணும், பழைய பேப்பர் போதும். 2015ல இந்திய விலங்குகள் நல வாரியம் கொடுத்த வழிகாட்டுதல்லயே வளர்க்கிறவங்க சுத்தம் பண்ணணும்னு அறிவுரை இருக்கு, ஆனா நாயே கூடாதுன்னு அசோசியேஷன் தடை போட முடியாது. அந்த வழிகாட்டுதலைக் காட்டி நேர்ல பேசுங்க, நாய்க்கு குடல்புழு மருந்து கொடுத்தாச்சான்னும் கேளுங்க.