அம்மா ஏன் போனைக் கவிழ்த்து வைத்தார்?

கேள்வி: மேலூர் பக்கம் எங்களுக்கு ஒரு பூர்வீக வீடு இருந்தது. போன வருஷம் அதை விற்றுவிட்டு நானும் அம்மாவும் மதுரை வில்லாபுரத்துக்கு வாடகைக்கு வந்துவிட்டோம். வீட்டை இடிக்கும் முன் புது ஓனரிடம் இரண்டு நாள் அனுமதி கேட்டு, அதே வீட்டில் ஒரு இன்டராக்டிவ் குறும்படம் எடுத்து யூடியூபில் போட்டேன். கடைசியில் 'வித்துடு', 'விக்காதே' என்று இரண்டு பட்டன் வரும், எதை அழுத்துகிறோமோ அந்த வீடியோ ஓடும். 3,140 பேர் பார்த்தார்கள், அழுத்தியது 61 பேர். மற்றவர்கள் கமென்ட்டில் வந்து 'விக்காதீங்க தம்பி' என்று எழுதுகிறார்களே தவிர, பட்டனைத் தொடுவதில்லை. அம்மாகூடப் பார்த்துவிட்டு எதையும் அழுத்தாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார், அவருக்கு இதெல்லாம் புரியாது. பட்ஜெட் இல்லாததால் எதை அழுத்தினாலும் வீடு விற்றுப்போவதாகத்தான் முடித்திருக்கிறேன், அது வேறு விஷயம். நம்ம ஊர் ரசிகர்களை இந்த மாதிரி படத்துக்கு எப்படிப் பழக்குவது?

பதில்: தம்பி, வயதில் சின்னவன், அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன்.

ரசிகனுக்குப் பழக்கமில்லை என்று சொல்லும் கடிதம் மாதம் ஒன்றாவது வருகிறது. உசிலம்பட்டிப் பக்கம் எந்த ஊர்த் திருவிழாவிலாவது விடிய விடிய வள்ளி திருமணம் பார்த்திருக்கிறாயா? வள்ளியும் நாரதரும் தர்க்கம் பண்ணும்போது முன்வரிசைப் பெரியவர் ஒரு சத்தம் கொடுப்பார், ஒருத்தர் மேடையேறி நோட்டைக் குத்துவார், பாட்டு திரும்ப வரும், கதை நாற்பது நிமிஷம் தள்ளிப்போகும். அந்த ஜனத்துக்கா கதையில் கைவைக்கத் தெரியாது? 'விக்காதீங்க தம்பி' என்று எழுதினார்களே, அவர்களும் கைதான் வைத்தார்கள். கதையில் வரும் பையனிடம் பேசவில்லை, உன்னிடம் பேசினார்கள். உனக்குத்தான் அது கணக்கில் சேரவில்லை.

பட்டன் விஷயத்தைச் சீக்கிரம் முடிக்கிறேன். பட்டன் வைக்க யூடியூப் உனக்குத் தரும் இடம், எண்ட் ஸ்கிரீன் என்பார்கள், கடைசி 5 முதல் 20 நொடி வரைதான். அதற்குள் கட்டைவிரல் அடுத்த வீடியோவுக்குப் போயிருக்கும். பெரிய கம்பெனிக்கே இது நிலைக்கவில்லை. நெட்ஃப்ளிக்ஸ் 2018 டிசம்பரில் 'பேண்டர்ஸ்நாட்ச்' என்று உன்னுடையதைப் போலவே பார்ப்பவர் தேர்ந்தெடுக்கும் படம் ஒன்றை விட்டபோது அக்கா மகன் ரிமோட்டை என் கையில் திணித்தான். முதல் கேள்வியே, காலைச் சாப்பாட்டுக்குப் பாலில் போடும் தானிய டப்பாவில் எது வேண்டும் என்று. பத்து நொடி கெடு, நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அதுவே ஒன்றைத் தேர்ந்துகொண்டு போய்விட்டது. 2025 மே மாதம் அந்தப் படத்தையும் தூக்கிவிட்டார்கள். உழைத்துக் களைத்து வந்து உட்காருகிறவனுக்குக் கதை சொன்னால் போதும் என்றிருக்கும், அதைச் சோம்பேறித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். சரி, அது போகட்டும்.

'அது வேறு விஷயம்' என்று ஒரு வரியில் தாண்டிப் போனாயே, அங்கே வா. எதை அழுத்தினாலும் வீடு போய்விடும். அப்புறம் எதற்கு அந்தப் பட்டன்?

1967-இல் கனடாவின் மான்ட்ரியல் கண்காட்சியில் செக்கோஸ்லோவாக்கியாக்காரர்கள் 'கினோஆட்டோமாட்' என்று ஒரு படம் காட்டினார்கள். நாற்காலிக்கு நாற்காலி சிவப்பு, பச்சைப் பட்டன், படத்தை நிறுத்தி மேடையில் ஒருத்தர் வந்து கேட்பார், ஜனம் ஓட்டுப் போடும். எப்படிப் போட்டாலும் கடைசியில் கட்டடம் தீப்பிடித்துத்தான் எரியும். எடுத்தவர் ராடுஸ் சின்செரா, தெரிந்தே வைத்த நையாண்டி அது. படத்தின் பெயரே 'ஒரு மனிதனும் அவன் வீடும்' என்று அர்த்தம் வரும். அவர் செய்தது கிண்டல். நீ பணமில்லை என்று செய்தாய், அதையும் ஒருத்தரிடமும் சொல்லாமல் செய்தாய்.

இப்போது அம்மாவிடம் வருகிறேன். அவருக்குப் புரியவில்லை என்கிறாய். எனக்கென்னவோ உன் படம் முழுசாகப் புரிந்தது அவர் ஒருத்தருக்குத்தான் என்று தோன்றுகிறது. கையில் போன், போனுக்குள் அவர் கல்யாணமாகி வந்து ஏறிய தாழ்வாரம், அவர் கோலம் போட்ட வாசல், அதன்மேல் 'வித்துடு', 'விக்காதே' என்று இரண்டு கட்டம். வேறு யாருக்கோ அது கதை. அவருக்குப் போன வருஷம் நடந்தது. உண்மையைச் சொல், வீட்டை விற்கும்போது அம்மாவிடம் எப்போது கேட்டாய்? அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பா, வாங்கிய பிறகா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் பத்திரத்தில் கையெழுத்துப் போட அவரை ரெஜிஸ்டர் ஆபீஸ் பெஞ்சில் உட்கார வைத்திருப்பாய், அவரும் 'உன் இஷ்டம்ப்பா' என்றிருப்பார். நம் வீட்டுப் பொம்பளைகள் 'உன் இஷ்டம்' என்றால் அதற்குச் சம்மதம் என்று எந்த அகராதியிலும் பொருள் இல்லை. எதை அழுத்தினாலும் முடிவு ஒன்றுதான் என்று ஏற்கெனவே ஒரு தடவை பார்த்தவர் இன்னொரு தடவை எதற்கு அழுத்துவார்?

வீட்டை விற்றதைக் குற்றம் சொல்லவில்லை, கடன் இருந்திருக்கலாம், வேறு வழி இல்லாமல் போயிருக்கலாம். ஆனால் பெற்றவளிடம் கேட்காததை முகம் தெரியாத 3,140 பேரிடம் கேட்கக் கிளம்பினாய் பார், அதுதான் எனக்கு ஆறவில்லை. அந்த வீட்டில் வாழ்ந்த தாய்க்கு, அதைப் பற்றிப் பேச முதல் உரிமை உண்டு. இதில் நான் பழைய ஆள்தான், மாறப்போவதில்லை.

இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அவர் பக்கத்தில் போய் உட்கார். கேமராவை ஆன் பண்ணாதே, ரெக்கார்டரும் வேண்டாம். 'நீ எதம்மா அழுத்தியிருப்ப?' என்று மட்டும் கேள். பத்து நொடிக் கெடு வைக்காதே. அவர் பதில் சொல்ல நாலு நாள் ஆகலாம், நடுவில் பால்காரன் கணக்கு, பக்கத்து வீட்டு வம்பு எல்லாம் வரும், கேட்டுக்கொண்டிரு.

சொன்னார் என்றால், அவர் சம்மதித்தால், அதுதான் உன் இரண்டாவது முடிவு. வீடு இந்நேரம் இடிந்திருக்கும், அங்கே போய் எடுக்க முடியாது. கறுப்புத் திரையில் அவர் குரல் மட்டும் போதும், அதற்குப் பட்ஜெட் ஒன்றும் ஆகாது. சம்மதிக்கவில்லை என்றால் வீடியோவைப் பிரைவேட்டில் போட்டுவிடு. அதற்கப்புறம் எழுது, அந்த 61 பேரைப் பற்றி நிதானமாகப் பேசலாம்.