கோய்டைனும் மங்களூர்க் கடிதங்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கெய்ரோ கெனிசா (யூதத் தொழுகைக்கூடத்தில் பழைய தாள்களைப் போட்டுவைத்த அறை) ஆவணங்களை ஆராய்ந்த ஷெலோமோ டோவ் கோய்டைன் முதலில் இந்திய வணிகக் கடிதங்களைத்தான் திரட்டினாராம். அதை நடுவில் நிறுத்திவிட்டு மத்தியதரைக்கடல் பக்கம் ஏன் திரும்பினார்? யூதர்கள் துண்டுச்சீட்டைக்கூடக் காத்தார்கள்; வரலாற்றுணர்வற்ற நாம் எல்லாவற்றையும் தொலைத்தோம். வருத்தமாக இருக்கிறது. அவரை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

முரளி

அன்புள்ள முரளி,

சில வாரங்களாக நானும் கோய்டைனைத்தான் மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே உடனே எழுதுகிறேன்.

"வரலாற்றுணர்வற்ற நாம்" என்று இனி எழுதாதீர்கள். பிறரைப் பாராட்ட நம்மை நாமே திட்டிக்கொள்வது சிந்தனைச் சோம்பல். பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தின் பென் எஸ்ரா யூதத் தொழுகைக்கூடத்தில் எவரும் ஆவணக்காப்பகம் நடத்தவில்லை. இறைவன் பெயர் எழுதிய தாளை அழிக்கக்கூடாது என்பது மரபு. அதனால் எபிரேய எழுத்தில் இருந்த எதையும், அதே எழுத்தில் அரபு மொழியில் எழுதிய கடன்சீட்டைக்கூட, ஓர் அறைக்குள் போட்டார்கள்; மறந்தும் போனார்கள். எகிப்தின் வறண்ட காற்றில் அவை மட்கவில்லை, அவ்வளவுதான். மங்களூரில் வெண்கலப் பட்டறை நடத்திய யூத வணிகர் ஆப்ரஹாம் பென் யிஜுவுக்கு 12ஆம் நூற்றாண்டில் ஏடனிலிருந்து வந்த கடிதங்கள் நமக்குக் கிடைப்பது, அவர் அவற்றை எகிப்துக்கு எடுத்துச் சென்றதால்தான். மங்களூரிலேயே விட்டிருந்தால் மழையும் கரையானும் தின்றிருக்கும். இதில் காத்த இனம் எது, தொலைத்த இனம் எது?

என் தாத்தா ஆரணியில் அரிசி மண்டி வைத்திருந்தார். அவர் இறந்தபின் பேரேடுகளைப் போகியன்று எரித்துவிட்டார்கள். எந்த ஊர் வண்டி வந்தது, மூட்டைக்கு என்ன கூலி, யார் வீட்டுத் திருமணத்துக்கு எவ்வளவு கடன், எல்லாம் அதில் இருந்தன. அந்தத் துக்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை. எரித்தவர்கள் மூடர்கள் அல்லர். கணக்கு தீர்ந்த ஏடு அவர்களுக்குக் குப்பை. ஃபுஸ்தாத் வணிகருக்கும் அப்படித்தான்.

வியக்க வேண்டியது கோய்டைனின் செவியை. பவேரியாவில் பிறந்து, ஃபிராங்ஃபுர்ட்டில் அரபு பயின்று, 1923இல் பாலஸ்தீனம் சென்றவர். யேமனிலிருந்து வந்த யூதர்களிடம் அமர்ந்து பேச்சு, பழமொழி, திருமணம், நெசவாளர் கிராமத்தின் அன்றாடம் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டு எழுதினார். உயிருள்ள மனிதர்களிடம் அப்படிக் கேட்டுப் பழகியவருக்குத்தான் எண்ணூறு ஆண்டு பழைய கடிதத்தில் ஒரு தகப்பனின் கவலை கேட்கும்.

இந்திய நூலை அவர் கைவிடவில்லை. அந்த வணிகர்களின் சொந்த உலகம் தெரியாமல் அவர்களுடைய கடல்வழியை எழுத முடியாது என்று கண்டு தள்ளிவைத்தார். அந்த உலகமே 'எ மெடிட்டரேனியன் சொசைட்டி' என்ற ஐந்து பெருந்தொகுதிகளாக விரிந்தது; கோய்டைன் 1985இல் மறைந்தார். இந்தியக் கடிதங்கள் ஆய்வாளர் மோர்தெகாய் ஃப்ரீட்மனின் உழைப்பால் 2008இல் வெளிவந்தன.

மூன்றாம் தொகுதியிலிருந்து தொடங்குங்கள். அது குடும்பத்தைப் பற்றியது. நிதானமாகப் படியுங்கள். பிறகு எழுதுங்கள்.