அடிக்கடி துண்டிக்கப்படும் இணையம்: புதிய ரவுட்டர் தேவையா?

கேள்வி: எங்கள் வீட்டு ஃபைபர் இணைப்பு மாலை நேரங்களில் அடிக்கடி நின்று, சில நிமிடங்களில் தானாகவே திரும்புகிறது. பழுதுபார்க்க வந்தவர் புதிய ரவுட்டர் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?
- வாசகர், மதுரை

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். குறை வெளியிலிருந்து வரும் ஃபைபரில் உள்ளதா, வீட்டுக்குள் வைஃபையில் உள்ளதா என்பது தெரியாமல் செலவு செய்தால், பணம் போன பிறகும் தொல்லை நீடிக்கக்கூடும்.

அடுத்த முறை இணையம் நின்றவுடன், ஃபைபர் வந்து சேரும் பெட்டியை அணைத்துப் போடுவதற்கு முன்பாக அதன் விளக்குகளைப் பாருங்கள். எல்ஓஎஸ் (LOS) என்று குறிக்கப்பட்ட விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ, ஒளிச் சமிக்ஞையே பெட்டிக்குச் சரியாக வந்து சேரவில்லை என்று பொருள். எந்த ரவுட்டரை வாங்கினாலும் இது தீராது. ஃபைபர் சுவரோரம் கூர்மையாக மடிந்திருப்பதும், இணைப்பு முனையில் தூசி படிந்திருப்பதும், தெருக் கம்பத்தில் ஒட்டுப்போட்ட இடம் பழுதடைந்திருப்பதும் இதற்கு வழக்கமான காரணங்கள். மடிப்பை நீங்களே மெல்ல நிமிர்த்தலாம். முனையைக் கழற்றித் துடைப்பதைப் பணியாளரிடம் விட்டுவிடுங்கள், அதற்குள் உற்றுப் பார்க்கவும் கூடாது. அவரிடம் ஒளியின் அளவை மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். வீடுகளுக்குப் பெரும்பாலும் வழங்கப்படும் ஜிபான் (GPON) வகை ஃபைபர் இணைப்புகளில் அது ஏறத்தாழ மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டிபிஎம் (ஒளியின் வலுவை அளக்கும் அலகு) வரை இருக்க வேண்டும். மைனஸ் 30 போல, மைனஸ் 27-ஐத் தாண்டி வலுவிழந்திருந்தால், பாதையைச் சரிசெய்ய வேண்டியது நிறுவனமே.

எல்லா விளக்குகளும் ஒருசேர அணைந்து எரிந்தால், அடாப்டரையோ மின்சாரத்தையோ சந்தேகிக்க வேண்டும்.

விளக்குகள் இயல்பாக இருந்தும் இணையம் நின்றால், மடிக்கணினியை லேன் கேபிளில் இணைத்து ஒரு மாலை முழுவதும் பயன்படுத்திப் பாருங்கள். கேபிளில் நிற்காமல் வைஃபையில் மட்டும் நின்றால், அண்டை வீட்டு வைஃபைகளின் நெரிசல் காரணமாக இருக்கலாம். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் (உட்பிரிவுகள்) 1, 6, 11 ஆகிய மூன்றே என்பதால் அங்கே நெரிசல் எளிதில் ஏற்படும். ஆகவே 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவது நல்லது. அது சுவர்களைத் தாண்டுகையில் விரைவில் வலுவிழப்பதால், பெட்டியை அலமாரிக்குள் வைக்காமல் கூடத்தின் நடுப்பகுதியில் வையுங்கள்.

கேபிளிலும் நின்றால், பெட்டியிலோ நிறுவனத்தின் வலையமைப்பிலோ பழுது இருக்கலாம். பெட்டி நிறுவனத்தின் உடைமையா என்பதை ரசீதில் பார்த்து, அவ்வாறானால் மாற்றித் தரும்படி கேளுங்கள். வாய்மொழியாகச் சொல்லி விட்டுவிடாமல், புகாரைப் பதிவுசெய்து டாக்கெட் எண்ணை (புகாருக்குத் தரப்படும் பதிவு எண்) குறித்துக்கொள்ளுங்கள். தீர்வு கிடைக்காதபோது அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பை அணுக அந்த எண் தேவைப்படும். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-லும் முறையிடலாம்.