சானிடைசர் போட்டும் வீடு முழுக்க வயிற்றுப்போக்கு வந்தது ஏன்?

கேள்வி: முதலில் ஐந்து வயது மகனுக்கு வாந்தியும் பேதியும் வந்தது. அன்றிலிருந்தே எல்லோரும் கைக்கு சானிடைசர் போட்டுக்கொண்டிருந்தோம். ஆனாலும் இரண்டு நாளில் எனக்கும் கணவருக்கும் வந்துவிட்டது. கூடவே இருந்த மாமியாருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. சானிடைசர் ஏன் பலிக்கவில்லை? அடுத்த முறை முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் சாப்பிடலாமா?

பதில்: பரிசோதிக்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் திடீரென்று வாந்தி, ஓரிரு நாளில் அடுத்தவருக்கும் அதே தொந்தரவு என்றால், முதல் சந்தேகம் நோரோவைரஸ் மேல்தான். உடலுக்குள் போன 12 முதல் 48 மணி நேரத்தில் அது வேலையைக் காட்டிவிடும். ஒன்று முதல் மூன்று நாளில் பெரும்பாலும் தானாக அடங்கியும் விடும்.

ஃப்ளூ, கொரோனா போன்ற வைரஸ்களைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை உண்டு. ஆல்கஹால் அதைக் குலைத்ததும் வைரஸ் செயலிழந்துவிடும். நோரோவைரஸுக்கு அந்த உறையே கிடையாது. வெளியே இருப்பது கெட்டியான புரதக் கூடு. அதனால் ஆல்கஹால் சானிடைசருக்கு அது அவ்வளவாக மசியாது. 99.9 சதவீதக் கிருமிகளைக் கொல்லும் என்று புட்டியில் போட்டிருக்குமே, அது சோதித்துப் பார்த்த கிருமிகளுக்கு மட்டும் பொருந்தும் கணக்கு. சோப்பும் இந்த வைரஸைக் கொல்வதில்லை. தோலிலிருந்து கிளப்பிவிடுகிறது, தண்ணீர் அடித்துக்கொண்டு போகிறது. ஆகவே 20 விநாடி நன்றாகத் தேய்ப்பதும், பிறகு ஓடும் நீரில் அலசுவதும்தான் முக்கியம்.

இன்னொரு சிக்கல், நோயை உண்டாக்கத் தேவையான அளவு. காலரா பாக்டீரியா பொதுவாக லட்சக்கணக்கில் உள்ளே போனால்தான் ஆரோக்கியமான ஒருவரைப் படுக்க வைக்கும். வழியிலேயே பெரும்பகுதியை இரைப்பை அமிலம் கொன்றுவிடுகிறது. (அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்குச் சால்மோனெல்லா போன்ற குடல் தொற்றுகள் எளிதில் வருவதற்கு ஒரு காரணம் இதுதான்.) நோரோவைரஸோ அமிலத்தைத் தாக்குப்பிடிக்கும். நூற்றுக்கும் குறைவான துகள்களே போதும் என்பது மதிப்பீடு. நோயாளியின் ஒரு கிராம் மலத்தில் கோடிக்கணக்கில் இருக்கும். வாந்தி எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத திவலைகளாகவும் பறந்து, பக்கத்தில் உள்ள பரப்புகளில் படியும். கைப்பிடி, குழாய்த் திருகு, செல்போன் எல்லாவற்றிலும் நாள் கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். பள்ளி, முதியோர் இல்லம், சொகுசுக் கப்பல் என்று ஆட்கள் நெருங்கி வாழும் இடங்களில் இது காட்டுத்தீயாகப் பரவுவதும் இதனால்தான். 1968-இல் அமெரிக்காவின் நார்வாக் ஊரில் ஒரு பள்ளியில் பரவிய நோயிலிருந்து எடுத்த மாதிரியில்தான் இந்த வைரஸை 1972-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார்கள். நோரோ என்ற பெயரும் அந்த ஊரிலிருந்து வந்ததுதான்.

அதனால் அடுத்த முறை கையோடு நிற்காமல் பரப்புகளையும் கவனியுங்கள். வாந்தியை முதலில் கையுறை போட்டு, காகிதத்தால் ஒற்றி எடுங்கள். அப்புறம் ப்ளீச். புட்டியில் 5 சதவீதம் சோடியம் ஹைபோகுளோரைட் என்று இருந்தால், குறைந்தது 20 மில்லியை எடுத்து, தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டர் ஆக்கி, அந்த இடத்தில் ஊற்றிவிட்டு ஐந்து நிமிடமாவது ஈரமாகவே விடுங்கள். உடனே துடைத்தால் பலனில்லை. ஆசிட் வகைக் கழிப்பறைத் திரவத்தோடும் அம்மோனியா கலந்த திரவத்தோடும் ப்ளீச்சைச் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். அழுக்கான துணிகளை உதறாமல் தனியாக, சூடான நீரில் துவையுங்கள்.

மாமியார் தப்பியது வெறும் அதிர்ஷ்டமாக இருக்கலாம். சமீபத்தில் வந்துபோன தொற்றின் எதிர்ப்பு மிச்சமிருந்திருக்கலாம். மூன்றாவது வாய்ப்புதான் சுவாரசியமானது. நோரோவைரஸ் குடல் செல்லில் ஒட்டிக்கொள்ள அங்குள்ள சில சர்க்கரை மூலக்கூறுகள் வேண்டும். சிலருக்கு ஒரு மரபணு பிறவியிலேயே வேலை செய்யாததால் அந்த மூலக்கூறுகள் குடலில் உருவாவதில்லை. பரவலாக உலவும் நோரோவைரஸ் வகைகள் பலவும் அவர்களிடம் தோற்றுப்போகும், ஆனால் எல்லா வகையும் அல்ல. ஆகவே அவரும் கை கழுவட்டும்.

ஆன்டிபயாட்டிக் வேண்டவே வேண்டாம். அது பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸை ஒன்றும் செய்யாது. குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவைக் குறைத்து, சமயத்தில் பேதியையே கூட்டும். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் 2019-இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. தேவையில்லாமல் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையும் அந்தப் பிரச்சினையைத்தான் வளர்க்கிறது.

நோயாளிக்குத் தேவை ஓ.ஆர்.எஸ். கரைசல். வாந்தி எடுத்தாலும் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். குளுக்கோஸ் உப்பையும், உப்பு தண்ணீரையும் குடல் வழியே உள்ளே இழுக்கும் என்பதால் வெறும் தண்ணீரைவிட இது மேல். நோய் நின்ற பிறகும் 48 மணி நேரம் அவர் மற்றவர்களுக்குச் சமைக்கக் கூடாது, பிள்ளையென்றால் பள்ளிக்கு அனுப்பக் கூடாது. மலத்தில் வைரஸ் இரண்டு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் வெளியேறும் என்பதால் கழிப்பறைக்குப் போய்வந்து சோப்பு போடுவதை அதுவரை தளர்த்தாதீர்கள்.

மலத்தில் ரத்தம், அதிகக் காய்ச்சல், ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது, குழிவிழுந்த கண்கள், எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது, இதில் எது தெரிந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்றால் இந்த அறிகுறிகளுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.